கிரேனைச் சோதித்தது யார்?

காலை ஷிப்டுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் தூங்காமல் வருகிறவர்களின் பேச்சு பெரும்பாலும் சினிமாவும் டிவியும்தான். தண்டலத்தில் ஏறி ஒரகடத்தில் இறங்குவதற்குள் நாலு துணுக்காவது காதில் விழும். ‘காலா’ படத்தில் பார்த்த தாராவியில் பெரும்பகுதி, செம்பரம்பாக்கம் ஈவிபி ஃபிலிம் சிட்டியில் போட்ட செட். ‘பிகில்’ படத்துக் கால்பந்து மைதானமும் அங்கேதான் எழுந்தது. விஜய் டிவியில் 2017 ஜூன் 25-ஆம் தேதி தொடங்கிய ‘பிக் பாஸ்’ வீடும் அதே வளாகம்தான். அந்த வீட்டுக் கண்ணாடியில் உள்ளே இருப்பவருக்குத் தன் முகம் தெரியும். கண்ணாடிக்குப் பின்னால் இருட்டு நடைபாதையில் கேமராவோடு நிற்கிறவருக்கு வீடே தெரியும். எங்கள் லைனில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இதையெல்லாம் பாடம்போல ஒப்பிப்பார்கள்.

எனக்கும் இந்தத் துணுக்குகள் பிடிக்கும். திரையில் வந்த ஒரு தெருவை யாரோ தச்சர் பலகை அடித்து, யாரோ பெயின்டர் அழுக்குப் பூசி உருவாக்கினார்கள் என்று கேட்கும்போது, கையால் உழைக்கிற எவனுக்கும் ஒரு பெருமை வரத்தான் செய்யும். ஒரு காலத்தில் ராட்டினங்கள் சுற்றிக்கொண்டிருந்த தீம் பார்க்தான் ஈவிபி. பிறகு படப்பிடிப்புத் தளமானது. இன்று தமிழ்நாடே பார்த்துப் பேசும் காட்சிகள் பல, எங்கள் பெங்களூர் நெடுஞ்சாலையின் ஓரத்திலேயே உருவாகின்றன.

ஆனால் ‘திரைக்குப் பின்னால்’ என்ற தலைப்பில் வருகிற செய்திகளில் ஒன்று மட்டும் எப்போதும் விடுபட்டுப் போகிறது. நடிகருக்குப் பட்ட அடி ஆண்டுக்கணக்கில் துணுக்காக வாழ்கிறது. தொழிலாளியின் சாவு ஒருநாள் செய்தியாக வந்து மறைந்துவிடுகிறது. நான் ஒரகடத்தில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் கிரேன், ஹாயிஸ்ட் பராமரிப்பைப் பார்க்கிற சூப்பர்வைசர். பாரம் தலைக்கு மேலே தொங்கும் இடத்தில் என்ன நடக்கும் என்று பார்த்தே வயதானவன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டு துணுக்குகளை எடுத்துக்கொள்வோம். 1982 ஜூலையில் பெங்களூரில் ‘கூலி’ படத்தின் சண்டைக் காட்சியில் அமிதாப் பச்சனுக்கு வயிற்றில் பலமாக அடிபட்டது. நாடே கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டது. படம் வெளியானபோது அந்த இடம் வந்ததும் காட்சியை அப்படியே நிறுத்தி, இங்கேதான் அவருக்கு அடிபட்டது என்று எழுத்துப் போட்டார்கள். இன்றுவரை சினிமா வினாடி வினாக்களில் இந்தக் கேள்வி வராமல் இருப்பதில்லை.

அடுத்தது தூர்தர்ஷனில் வந்த ‘திப்பு சுல்தானின் வாள்’ தொடர். 1989 பிப்ரவரி 8-ஆம் தேதி மைசூர் பிரீமியர் ஸ்டுடியோவில் அதன் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோது தீப்பிடித்தது. இயக்குநரும் நாயகனுமான சஞ்சய் கான் கடுமையான தீக்காயங்களோடு உயிர் பிழைத்தார். எழுபதுக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள் செய்துகொண்டு திரும்பி வந்து தொடரை முடித்தார். இதைப் பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதே தீயில் 62 பேர் செத்துப்போனார்கள் என்பதை எத்தனை பேர் கேட்டிருப்பீர்கள்? சரியில்லாத வயரிங், காற்றோட்டம் இல்லாத கூடம், சுவரெங்கும் சாக்குத் துணி, அதற்கு நடுவே சூடு கக்கும் பெரிய விளக்குகள் என்று அப்போதே காரணங்கள் எழுதப்பட்டன. சஞ்சய் கானின் மன உறுதி பெரியது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 62 உயிர்கள் போன ஒரு தீயில் நாம் நினைவில் வைத்துக்கொண்டது அறுவை சிகிச்சைகளின் எண்ணிக்கையை என்றால், நம் நினைவில் ஏதோ கோளாறு இருக்கிறது.

எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். ‘பிகில்’ படப்பிடிப்பில் 2019 செப்டம்பரில் உயரத்திலிருந்து விளக்கு விழுந்து அடிபட்ட எலெக்ட்ரீசியன் ஒருவர் இறந்தார். ஐந்து மாதம் கழித்து, 2020 பிப்ரவரி 19-ஆம் தேதி இரவு ஒன்பதரை மணியளவில், அதே ஈவிபி வளாகத்தில் ‘இந்தியன் 2’ படத்துக்காக விளக்குகளைத் தூக்கி நின்ற கிரேன் சாய்ந்தது. உதவி இயக்குநர் ஒருவர், கலைப்பிரிவு உதவியாளர் ஒருவர், தயாரிப்புப் பிரிவு உதவியாளர் ஒருவர் என மூன்று பேர் அங்கேயே போய்விட்டார்கள். பலர் காயமடைந்தார்கள். மறுநாள் பத்திரிகைகளில் பெரிய எழுத்தில் வந்த சேதி, கமல்ஹாசனும் இயக்குநர் ஷங்கரும் மயிரிழையில் தப்பினார்கள் என்பதுதான்.

கமல்ஹாசன் அன்று செய்ததைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் காயம்பட்டவர்களுக்கும் ஒரு கோடி ரூபாய் அறிவித்தார். அத்தோடு நிற்காமல், படப்பிடிப்புத் தளத்தில் பாதுகாப்பும் காப்பீடும் வேண்டும் என்று தயாரிப்பு நிறுவனத்துக்கு வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். ஒரு முன்னணி நடிகர் கையெழுத்துப் போட்டு இப்படிக் கேட்டது தமிழ் சினிமாவில் பெரிய விஷயம். படம் 2024 ஜூலை 12-ஆம் தேதி வெளியானது. அதற்குள் அந்தக் கடிதத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

அந்த விபத்துக்கு யார் பொறுப்பு என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அது போலீஸும் நீதிமன்றமும் பார்க்க வேண்டிய காரியம். ஆனால் கிரேன் சாய்ந்தது என்று கேட்டவுடன் என் தொழிலில் இருக்கிற எவனுக்கும் சில கேள்விகள் தானாக வரும். அவற்றைச் சொல்கிறேன், வாசகர்களுக்கும் தெரியட்டும்.

ஒரு மொபைல் கிரேனின் பக்கவாட்டில் 20 டன் என்று எழுதியிருக்கும். அந்த 20 டன்னும் பூம் என்கிற கை குறுகி, வண்டிக்கு மிக அருகில் பாரம் இருக்கும்போதுதான். பூமை நீட்ட நீட்ட, தூரம் கூடக் கூட, அது தாங்கும் எடை சரசரவென்று குறையும். எவ்வளவு நீட்டினால் எவ்வளவு தூக்கலாம் என்று ஒரு லோடு சார்ட் ஆபரேட்டர் கேபினிலேயே ஒட்டியிருக்க வேண்டும். நான்கு பக்கமும் அவுட்ரிகர் என்கிற தாங்குசட்டம் முழுசாக நீட்டியிருக்க வேண்டும். அதன் கால்களுக்கு அடியில் கனத்த கட்டையோ இரும்புத் தட்டோ கொடுக்க வேண்டும். எங்கள் பக்கத்து மண் ஏரிப் பாசனத்து மண். கோடையில் பாறைமாதிரி இருக்கும். ஒரு மழை பெய்தால் கால் புதையும். கொட்டிச் சமப்படுத்திய மண் என்றால் இன்னும் மோசம்.

இதோடு சினிமாவுக்கே உரிய ஆபத்து ஒன்றும் உண்டு. தொழிற்சாலையில் நாங்கள் தூக்குவது டை, மோட்டார், ஸ்டீல் காயில். அவற்றின் எடை தெரியும், காற்று அவற்றை ஒன்றும் செய்யாது. படப்பிடிப்பில் விளக்குகளோடு பெரிய சட்டமும், வெளிச்சத்தை மென்மையாக்க அதில் இழுத்துக் கட்டிய துணியும் மேலே போகும். காற்று அடித்தால் அந்தத் துணி கப்பல் பாய்மாதிரி ஆகிவிடும். எவ்வளவு எடையைத் தூக்கலாம் என்றுதான் லோடு சார்ட் சொல்லும். காற்று அந்தத் துணியை எவ்வளவு இழுக்கும் என்பதைத் தனியாகக் கணக்குப் போட வேண்டும். கணக்குப் போட்டது யார்? காற்று கூடினால் இறக்கு என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு? பூம் சாய்ந்தால் விழக்கூடிய வட்டத்துக்குள் ஆட்கள் உட்காராமல் கயிறு கட்டித் தடுத்தார்களா? எங்கள் கூடத்தில் பாரம் தூக்கும்போது அந்த வட்டத்துக்குள் பிளான்ட் மேனேஜர் வந்தாலும் சிக்னல்மேன் விசில் அடித்து நிறுத்துவார். மேனேஜரும் நிற்பார். படப்பிடிப்புத் தளத்தில் அப்படி விசில் அடிக்கிற ஆள் யார்?

எங்களுக்கு இந்தப் பழக்கம் பிறவியிலேயே வந்துவிடவில்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சொல்லிக்கொடுத்தது. பாரம் தூக்கும் எந்த இயந்திரத்தையும், சங்கிலியையும், கயிற்றையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது தகுதிபெற்ற ஒருவர் முழுசாகச் சோதிக்க வேண்டும், தாங்கும் எடையை அதன்மேலேயே எழுத வேண்டும், பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று அந்தச் சட்டம் கட்டளையிட்டது. ஆயிரம் பேரோ அதற்குமேலோ வேலை செய்தால் பாதுகாப்பு அதிகாரி, 250 பேருக்குமேல் என்றால் கேன்டீன், நாளுக்கு ஒன்பது மணி, வாரத்துக்கு 48 மணி, அதற்குமேல் இரட்டைச் சம்பளம் என்று ஒவ்வொன்றையும் எண் போட்டு எழுதியது. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திலிருந்து ஆய்வாளர் வந்தால் எங்கள் மேனேஜர் முதலில் தேடுவது கிரேன் சர்டிபிகேட் ஃபைலைத்தான்.

படப்பிடிப்புத் தளம் தொழிற்சாலைக் கணக்கில் வரவில்லை. திரைத் தொழிலாளர்களுக்கென்று 1981-இல் மத்திய அரசு தனிச் சட்டம் கொண்டுவந்தது. வேலை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், சம்பளத் தகராறு வந்தால் இப்படித் தீர்க்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் அது பேசியது திரைப்படத்தைப் பற்றி. வீடு வீடாக நுழைந்துவிட்ட டிவி நிகழ்ச்சிகள் அதற்குள் வரவில்லை. கயிறு, கிரேன், கரன்ட் ஆகியவற்றுக்கும் அதில் இடமில்லை. ஒரே நெடுஞ்சாலையில், ஒரே மண்ணில், ஒரே மாதிரி கிரேன். சாலையின் ஒரு பக்கம் அதற்குப் பதிவேடு உண்டு, மறுபக்கம் இல்லை.

என் அக்கா மகன் லைட்மேன் வேலைக்குப் போகிறான். டிப்ளமோ முடித்தவன். கம்பெனியில் அப்ரன்டிஸாக இருந்துவிட்டு, சினிமா ஆசையில் யூனிட்டில் சேர்ந்தான். போன மழைக்காலத்தில் ஒருநாள் விடிந்த பிறகு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தான். பேன்ட் முழங்கால்வரை சேறு. உள்ளங்கை இரண்டிலும் கேபிள் இழுத்த தடம் சிவந்து கிடந்தது. என் மனைவி வைத்த இட்லியைப் பிய்க்க விரல் மடங்கவில்லை.

“ராத்திரி எங்கடா ஏறி நின்ன?” என்று கேட்டேன்.

“சாரம் கட்டியிருந்தாங்க மாமா. மூணு மாடி உசரம் இருக்கும். லைட்டப் பிடிச்சிக்கிட்டு மேலயே நின்னேன்.”

“சேஃப்டி பெல்ட்?”

“ஒண்ணுதான் இருந்துச்சி. மேல ரெண்டு பேரு நின்னோம். அண்ணனுக்கு ரெண்டு பொண்ணுங்க, அவரு போட்டுக்கிட்டாரு.”

நான் அவனைத் திட்டவில்லை. முந்தின நாள் காலை கால்ஷீட்டுக்குப் போனவன் மறுநாள் காலைதான் திரும்பியிருக்கிறான். அடுத்த கால்ஷீட்டுக்கு அன்று மதியமே வரச் சொல்லியிருந்தார்கள். “மாட்டேன்னு சொன்னா என்ன?” என்றேன். “அடுத்த படத்துக்குக் கூப்பிட மாட்டாங்க மாமா” என்றான். ஒரு பெல்ட்டை இரண்டு பேரில் யார் போட்டுக்கொள்வது என்று அந்த உயரத்தில் நின்றுகொண்டு பேசி முடிவு செய்திருக்கிறார்கள். பிள்ளை இல்லாதவன் விட்டுக்கொடுத்திருக்கிறான். அந்தப் படம் வெளியாகும்போது அந்த இரவுக் காட்சியின் அழகைப் பலரும் புகழ்வார்கள், பெயர்பெற்ற ஒளிப்பதிவாளர் பேட்டி கொடுப்பார். இந்தத் துணுக்கு அதில் வராது.

இப்படி ஒவ்வொரு இரவும் விட்டுக்கொடுத்து ஓடுகிற வேலையில் என்றைக்காவது ஒருநாள் கயிறு அறுந்துதான் தீரும். 2022 டிசம்பரில் வண்டலூர் அருகே ‘விடுதலை’ படப்பிடிப்பில் அறுந்தது. கிரேனில் கட்டிய கயிற்றில் தொங்கிய சண்டைக் கலைஞர் ஒருவர் விழுந்து இறந்தார். 2024 ஜூலையில் சாலிகிராமத்தில் ‘சர்தார் 2’ படத்துக்கான வேலையின்போது இன்னொரு சண்டைக் கலைஞர் உயரத்திலிருந்து விழுந்து இறந்தார். 2025 ஜூலை 13-ஆம் தேதி நாகப்பட்டினம் மாவட்டத்தில் ‘வேட்டுவம்’ படப்பிடிப்பில், காரைப் பறக்கவிடும் காட்சியில் அனுபவம் மிக்க சண்டைக் கலைஞர் எஸ்.எம்.ராஜு உயிரிழந்தார். பக்கத்து மாநிலத்திலும் இதே கதைதான். 2016 நவம்பரில் ‘மாஸ்திகுடி’ என்ற கன்னடப் படத்துக்காக ஹெலிகாப்டரிலிருந்து ஏரியில் குதித்த நடிகர்கள் இருவர் மூழ்கிப்போனார்கள். கூடவே குதித்த நாயகன் கரையேறினார்.

ஒவ்வொரு முறையும் இரங்கல் வரும், நஷ்டஈடு வரும், நட்சத்திரங்கள் வீட்டுக்குப் போய் ஆறுதல் சொல்வார்கள். ராஜுவின் மரணத்துக்குப் பிறகு இந்தி நடிகர் அக்‌ஷய் குமார் தன் செலவில் நூற்றுக்கணக்கான சண்டைக் கலைஞர்களுக்குக் காப்பீடு எடுத்திருக்கிற செய்தி வெளியே வந்தது. நல்ல மனசு. காப்பீடு வேண்டும், நஷ்டஈடும் வேண்டும். ஆனால் இரண்டும் ஆள் விழுந்த பிறகு வருபவை. ஆளை விழாமல் வைப்பது வேறு வேலை. அதைத் தனி மனிதர்களின் நல்ல மனசை நம்பி விட முடியாது.

சினிமாக்காரர்கள் இதற்குச் சொல்லும் பதில்கள் எனக்குத் தெரியும். செட் என்பது இன்று எழுந்து அடுத்த மாதம் கலைவது, அதைத் தொழிற்சாலைபோல நடத்த முடியாது என்பார்கள். கட்டட வேலையும் அப்படித்தான். இன்று சாரம் கட்டி நாளை பிரிக்கிறார்கள். ஆனாலும் 1996-இல் கட்டடத் தொழிலாளர்களுக்கு, பாதுகாப்பையும் சேர்த்துத் தனிச் சட்டம் வந்தது. சாரம் தற்காலிகம் என்பதால் அதிலிருந்து விழுகிறவனின் முதுகெலும்பு தற்காலிகமாகவா உடைகிறது?

செலவு கூடும் என்பார்கள். ஒரு நட்சத்திரத்தின் கேரவனுக்கு ஒருநாள் ஆகும் செலவில் நாலு பேருக்கு முழு உடலையும் பிடிக்கும் பாதுகாப்பு ஹார்னஸ் வாங்கிவிடலாம். அதை வருஷக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம். வெளி அமைப்பு ஒன்றை வைத்து கிரேனைச் சோதிப்பது ஒரு படத்தின் பட்ஜெட்டில் எண்ணிப் பார்க்கவே தேவையில்லாத தொகை.

கலை என்பது கட்டுப்பாட்டுக்குள் வராது என்பவர்களும் உண்டு. அவர்கள் ஹாலிவுட்டைப் பார்க்கட்டும். 1982-இல் ‘ட்வைலைட் ஸோன்’ படப்பிடிப்பில் ஹெலிகாப்டர் விழுந்து ஒரு நடிகரும் இரண்டு குழந்தைகளும் இறந்தார்கள். அதற்குப் பிறகு அங்கே தயாரிப்பாளர்களும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து உட்கார்ந்து, வேலை வாரியாகப் பாதுகாப்புக் குறிப்புகள் எழுதினார்கள். அன்றைய படப்பிடிப்பு விவரம் எழுதி எல்லோருக்கும் கொடுக்கும் தாளிலேயே பக்கத்து மருத்துவமனையின் முகவரியும் இருக்கும். அவர்களும் தவறாமல் இருந்துவிடவில்லை. 2021-இல் ‘ரஸ்ட்’ படப்பிடிப்பில் துப்பாக்கி வெடித்து ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்தார். ஆனால் அப்போது, துப்பாக்கியைச் சோதித்திருக்க வேண்டியவர் யார் என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு பொறுப்பாளர் இருந்தார். அவர்மேல் வழக்கு நடந்தது. நம் ஊரில் அந்தக் கேள்வி எழும்போது, பதில் சொல்ல வேண்டிய நாற்காலியே காலியாகக் கிடக்கிறது.

தொழிற்சாலைகளில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் உடம்புக்கு வந்தபோது எங்கள் வட்டாரத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பெண் பிள்ளைகள் இதே பெங்களூர் நெடுஞ்சாலையில்தான் இரவெல்லாம் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். 2024-இல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் சங்க உரிமைக்காக 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 12 மணி நேர வேலைக்கு வழிவிட்ட சட்டத் திருத்தம் 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்புக்குப் பிறகு மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. எழுதிய சட்டமும் கேட்கிற சங்கமும் சேர்ந்தால்தான் எதுவும் நடக்கும் என்பதை இந்த வட்டாரம் கண்ணால் பார்த்திருக்கிறது.

சினிமாவில் சங்கம் இல்லாமல் இல்லை. ஒளிப்பதிவாளர் நிமாய் கோஷ், இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன் போன்றவர்கள் பட்டினி கிடந்த தொழில்நுட்பக் கலைஞர்களையும் உழைப்பாளிகளையும் திரட்டி அமைப்பாக்கினார்கள். அந்த வழியில் வந்ததுதான் திரைத் தொழிலாளர்களின் இன்றைய கூட்டமைப்பான ஃபெப்சி. லைட்மேனின் பேட்டாவுக்கும் சம்பளத்துக்கும் அது எவ்வளவோ போராடியிருக்கிறது. அந்த வலிமையை இப்போது பாதுகாப்புக்கும் திருப்ப வேண்டும். பெல்ட் இல்லாவிட்டால் ஏற மாட்டோம் என்று ஒரு லைட்மேன் தனியாகச் சொன்னால் வேலை போகும். சங்கமே சொன்னால் பெல்ட் வரும்.

அரசுக்கு அதிகாரம் இல்லையா? இருக்கிறது. 2021 மே மாதம் கொரோனா ஊரடங்கு நேரத்தில் ஈவிபி வளாகத்தில் மலையாள ‘பிக் பாஸ்’ படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. குழுவில் சிலருக்குத் தொற்று உறுதியானதும் வருவாய்த் துறை அதிகாரிகள் உள்ளே போய், எல்லோரையும் வெளியேற்றிவிட்டு, அந்த வீட்டுக்கு சீல் வைத்தார்கள். தொற்றுக்காகத் திறந்த கேட், கிரேனுக்காகவும் திறக்கும். உள்ளே போகச் சொல்லும் உத்தரவுதான் வேண்டும்.

அந்த உத்தரவைப் பிறப்பிக்க இதைவிட நல்ல நேரம் அமையாது. பூந்தமல்லி அருகே குத்தம்பாக்கம் பகுதியில் சுமார் 150 ஏக்கரில், 500 கோடி ரூபாயில் நவீனத் திரைப்பட நகரம் அமைக்கப்போவதாகத் தமிழக அரசு அறிவித்திருக்கிறது. தண்டலத்திலிருந்து கூப்பிடு தூரம். எங்கள் பிள்ளைகள் பலர் அங்கே வேலைக்குப் போவார்கள். இன்னொரு பக்கம், 2025 நவம்பர் 21-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் தொகுப்புச் சட்டம், ஒலி-ஒளித் துறைத் தொழிலாளர்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறது. டிவியும் டிஜிட்டலும் இப்போது சட்டத்துக்குள் வந்துவிட்டன. அந்தத் தொகுப்புச் சட்டங்கள்மீது தொழிற்சங்கங்களுக்குப் பல ஆட்சேபங்கள் உண்டு. அது வேறு விவாதம். இருக்கும் சட்டத்தை வைத்து லைட்மேனுக்கு ஹார்னஸ் வாங்கித் தர முடிகிறதா என்பதுதான் எனக்கு முக்கியம்.

என் கோரிக்கைகள் பெரியவை இல்லை. புதிய திரைப்பட நகரத்திலும், ஏற்கனவே இருக்கும் தளங்களிலும், சோதனைச் சான்றிதழ் இல்லாத கிரேன் கேட்டைத் தாண்டக் கூடாது. உயரத்தில் வேலையும் தீயும் வெடியும் சண்டையும் இருக்கிற ஒவ்வொரு நாளும் ஒரு பாதுகாப்பு அதிகாரி தளத்தில் இருக்க வேண்டும். ‘கட்’ சொல்லும் அதிகாரம் இயக்குநருக்கு இருப்பதுபோல, ‘நிறுத்து’ என்று சொல்லும் அதிகாரம் அந்த அதிகாரிக்கு இருக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வளாகத்துக்குள்ளேயே நிற்க வேண்டும். ஒரு கால்ஷீட் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் தூங்குகிற அளவுக்கு இடைவெளியை விதியாக எழுத வேண்டும். பெண்களுக்கு உடை மாற்ற அறையும் கழிப்பறையும் வேண்டும். மலையாள சினிமாவைப் பற்றி 2024 ஆகஸ்டில் கேரளத்தில் வெளியான ஹேமா கமிட்டி அறிக்கை, இந்தச் சின்ன வசதிகூட இல்லாமல் பெண்கள் பட்ட பாட்டை எழுதியிருக்கிறது. விபத்து நடந்தால், சின்னதோ பெரியதோ, அதைப் பதிவேட்டில் எழுதி ஆண்டுக்கொருமுறை பொதுமக்கள் பார்வைக்கு வெளியிட வேண்டும்.

பத்திரிகை, டிவி நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. அசோகமித்திரன் ஜெமினி ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர். படம் எடுக்கிறவர்களின் அலைச்சலையும் கடனையும் அவமானத்தையும் ‘கரைந்த நிழல்கள்’ நாவலில் அரை நூற்றாண்டுக்கு முன்பே எழுதிவிட்டார். திரைக்குப் பின்னால் என்பதற்கு அந்த அளவு ஆழம் உண்டு. அடுத்த முறை ஒரு படத்தின் மேக்கிங் வீடியோவைப் பற்றி எழுதும்போது, செட்டுக்கு ஆன செலவைக் கேளுங்கள், கூடவே எத்தனை பேர் ஹார்னஸ் போட்டிருந்தார்கள் என்றும் கேளுங்கள். ‘கைதி’ மாதிரி முழுக்க முழுக்க ராத்திரியிலேயே நடக்கிற கதையை எடுத்தவர்களிடம், ஆட்கள் எப்போது தூங்கினார்கள் என்று கேளுங்கள். பதில் நல்லதாக இருந்தால் அதைப் பெருமையாகவே போடுங்கள். பாதுகாப்பாக எடுத்த படம் என்று சொல்லிக்கொள்வது ஒரு தயாரிப்பாளருக்குக் கௌரவமாக வேண்டும்.

வாசகர்களே, உங்களுக்குப் பிடித்த நடிகரின் ரசிகர்களாகவே இருங்கள். அவர் படத்தின் முதல் நாள் காட்சிக்குப் போங்கள். ஆனால் அவரிடம் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: உங்கள் தலைக்கு மேலே நின்ற கிரேனைச் சோதித்தது யார்? ரசிகர்கள் கேட்டால் நட்சத்திரம் கேட்பார். நட்சத்திரம் கேட்டால் தயாரிப்பாளர் சான்றிதழைக் கொண்டுவந்து காட்டியே ஆக வேண்டும். குத்தம்பாக்கத்தில் முதல் செட் எழுவதற்கு முன்பே இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவோம்.